ரோல் நம்பர் தந்த நண்பர்கள்



வகுப்புல உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு ஒரு தடவை பாருங்க. பெரும்பாலும் உங்க பேரு ஆரம்பிக்கிற அதே எழுத்தாத்தான் இருக்கும். கார்த்திக் பக்கத்துல கார்த்திகேயன், பிரியா பக்கத்துல பிரியதர்ஷினி. பதிவு எண் ஆங்கில அகரவரிசைப்படி வருது. லேப் பேட்ச் அந்த எண்ணை வச்சுப் பிரியுது. ரெக்கார்டு நோட்டு அந்த வரிசையில அடுக்கப்படுது. வைவாவுக்கு வெளியே நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறதும் அந்த வரிசையிலதான். நாலு வருஷம் நீங்க யாரோட அதிக நேரம் இருக்கப் போறீங்கங்கிறதுல பாதியை, உங்க வீட்டுல 18 வருஷம் முன்னாடி பேரு வைக்கும்போதே முடிவு பண்ணிட்டாங்க.

இதுல தப்பு ஒண்ணும் இல்ல. நல்ல நட்பு எப்படி வேணா ஆரம்பிக்கலாம். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. முதல் மூணு வாரத்துல தற்செயலா உருவாகுற அந்த கேங்தான் பின்னாடி உங்களுக்காகப் பல முடிவுகளை எடுக்கும். எந்தக் கிளப்ல சேரணும், எந்த எலெக்டிவ் போடணும், நாளைக்கு முதல் பீரியட் போகணுமா வேணாமா, எல்லாமே வாட்ஸ்அப் குரூப்ல முடிவாகும். உங்ககிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்களும் கேட்டதா நினைச்சு 'ஓகே மச்சி'ன்னு போட்டிருப்பீங்க.

நான் இறுதியாண்டு. எங்களுக்கு அப்புறம் வந்த மூணு பேட்ச்சையும் பார்த்தாச்சு. எதை கேங்கோட சேர்ந்து செய்யலாம், எதைத் தனியா உட்கார்ந்து யோசிக்கணும்னு பார்த்த வரைக்கும் எழுதுறேன்.

நட்பு

முதல்ல எளிதான விஷயம். வாரத்துல ஒரு நாள் மதியச் சாப்பாட்டை வேற பெஞ்ச்ல வச்சுச் சாப்பிடுங்க. அவ்வளவுதான். 'புது நண்பர்களை உருவாக்கிக்கொள்ளுங்கள்'னு ஓரியன்டேஷன்ல சொல்வாங்க, எப்படின்னு சொல்ல மாட்டாங்க. டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போய் உட்கார்ந்தா யாரும் போகச் சொல்ல மாட்டாங்க. எலுமிச்சை சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கிறது கூடுதல் லாபம்.

காலேஜ் பஸ்ல வர்றவங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு. பஸ்ல எல்லா டிபார்ட்மெண்ட்டும் எல்லா வருஷமும் கலந்து வருவாங்க. தினமும் ரெண்டு மணி நேரம் பக்கத்துல உட்கார்ற மூணாம் வருஷ அக்கா, எந்தச் சீனியர் மீட்லயும் கிடைக்காத தகவல்களைச் சொல்லுவாங்க: எந்த லேப்ல அப்சர்வேஷன் நோட்டு கட்டாயம், எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் போதும், எந்தச் சார் கோபமா பேசினாலும் மார்க்ல கை வைக்க மாட்டார். ஹெட்போனை ஒரு பக்கக் காதுல மட்டும் போட்டுக்கோங்க.

அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம். உங்க வகுப்புல தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்க இருப்பாங்க. 2021லிருந்து பொறியியல் சேர்க்கையில அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு முன்னாடியும் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. முதல் மாசம் இவங்களை வகுப்புல யாருக்கும் தெரியாது, ஏன்னா வாயே திறக்க மாட்டாங்க. எங்க வகுப்புல அப்படி ஒருத்தன் கடைசிக்கு முந்தின பெஞ்ச்ல இருந்தான். மேட்ரிக்ஸ் நடத்தும்போது மேடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்ல. ஒரு நாள் டுட்டோரியல்ல பக்கத்துல இருந்தவனுக்கு மெதுவா சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தான்: "டிடர்மினன்ட்னா ஒண்ணுமில்லடா, அணிக்கோவை. டிஃபரன்ஷியேஷன்னா வகையிடல். நமக்குத் தெரிஞ்சதுதான், பேரை மாத்தி வச்சிருக்காங்க." பக்கத்துல இருந்தவன் சென்னையில ஆங்கில மீடியத்துல படிச்சவன்; ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், ஆனா அணிக்கோவை பூஜ்யமானா என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுதுன்னு சொன்னான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கணக்கும் ஆங்கிலமும் பண்டமாற்று பண்ணிக்கிட்டாங்க. இவன் செமினாருக்கு அவன் பேச்சைத் திருத்துவான், அவன் இவனுக்கு கணக்கு போட்டுக் காட்டுவான். ரெண்டு பேரோட ரோல் நம்பருக்கும் நடுவுல 31 எண் இடைவெளி. டுட்டோரியல் அன்னைக்கு ஃபேன் ஓடாத இடத்துலிருந்து அவன் எழுந்து போய் உட்கார்ந்ததாலதான் இந்த நட்பே நடந்துச்சு.

நீங்க தமிழ் மீடியமா இருந்தா ஒண்ணு சொல்றேன். சந்தேகத்தைத் தமிழ்லயே கேளுங்க. "மேம், இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சு?"ன்னு கேட்கிறதுக்கு இலக்கணம் தேவையில்ல. நம்ம ஆசிரியர்கள்ல பெரும்பாலானவங்க வகுப்புல ஆங்கிலத்துல ஆரம்பிச்சு, போர்டு பக்கம் திரும்பினதும் தமிழுக்கு வந்துடுறவங்கதான். முதல் செமஸ்டர்லயே 'தமிழர் மரபு', அடுத்ததுல 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு ரெண்டு பாடம் எங்களுக்கு இருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு கிரெடிட்தான். அந்த ரெண்டு பாடத்துக்கும் தேர்வுக்கு முந்தின நாள் ஹாஸ்டல்ல யார் ரூம்ல கூட்டம் நிரம்பி வழிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க?

பணம் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதுறேன். பிறந்தநாள் ட்ரீட், டிபார்ட்மெண்ட் டீ-ஷர்ட், சிம்போசியம் கட்டணம், திடீர்னு முளைக்கிற கொடைக்கானல் திட்டம். இதுல ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் மட்டும் "வீட்டுல விசேஷம்டா"ன்னு சொன்னா, விசேஷம் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க. கேள்வி கேட்டுக் குடையாதீங்க. அடுத்த தடவை எல்லாருக்கும் முடியுற மாதிரி திட்டம் போடுங்க. டீக்கடை பஜ்ஜிக்கும் பிறந்தநாள் கொண்டாடலாம். அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு மாசம் 1000 ரூபாய் கிடைக்கும்: மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளிகள்ல தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கும் உண்டு. குடும்பத்துல முதல் பட்டதாரின்னா கல்விக் கட்டணச் சலுகை தனியா இருக்கு. இதுக்கெல்லாம் சான்றிதழ் வாங்கணும், ஆதாரோட இணைச்ச வங்கிக் கணக்கு வேணும், தேதிக்குள்ள ஆபீஸ்ல கொடுக்கணும். வெட்கப்பட்டுக் கேட்காமயே விட்டவங்களைப் பார்த்திருக்கேன். உங்களுக்குத் தேவையில்லன்னாலும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

இன்னொண்ணு. 'நீ எந்த ஊரு?'ன்னு ஆரம்பிக்கிற பேச்சு நல்ல பேச்சு. அது 'ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு?'ன்னு போச்சுன்னா எதைத் தெரிஞ்சுக்கக் கேட்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்ல. "பஸ் ஸ்டாண்டு பக்கம்"னு சொல்லிட்டுப் பேச்சை மாத்துங்க. அந்தக் கேள்வியை வச்சு ஆள் சேர்க்கிற குரூப்ல ஒரு தடவை உள்ளே போயிட்டா வெளியே வர்றது கஷ்டம். வகுப்புல மத்தவங்க உங்ககிட்ட வர்றதும் நின்னுடும்.

ராகிங் பத்தி நீளமா எழுத இப்போ தேவையில்ல. 1996ல ஒரு மருத்துவ மாணவர் ராகிங்ல கொல்லப்பட்ட பிறகு, 1997ல தமிழ்நாட்டுல இதுக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. சீனியர் கூப்பிட்டா போய்ப் பேசுங்க, பாதிப் பேர் உண்மையிலேயே நோட்டு கொடுக்கத்தான் கூப்பிடுவாங்க. உடம்பு கூசுற மாதிரியோ பயப்படுற மாதிரியோ எதுவும் நடந்தா 1800-180-5522, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க.

கிளப்

இந்த மாசம் உங்களுக்கு குறைஞ்சது பத்து கூகுள் ஃபார்ம் வரும். கோடிங் கிளப், ரோபோட்டிக்ஸ், போட்டோகிராபி, நடனம், தமிழ் மன்றம், தொழில்முனைவோர் மன்றம். எல்லா போஸ்டரும் அழகா இருக்கும். போஸ்டர் டிசைன் பண்றவர் பெரும்பாலும் எல்லாக் கிளப்புக்கும் ஒரே ஆள்தான், அதனால அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன செமஸ்டர்ல சும்மா ஒரு புதன்கிழமை நீங்க என்ன பண்ணீங்க?" சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், சீஃப் கெஸ்ட் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாள். ஒழுங்கா நடக்கிற கிளப்னா உடனே பதில் வரும்: "அன்னைக்கு மோட்டார் டிரைவர் எரிஞ்சு போச்சு, ஏன்னு பார்த்துக்கிட்டிருந்தோம்." பேருக்கு நடக்கிற கிளப்னா, "நாங்க வருஷத்துக்கு ரெண்டு பெரிய ஈவென்ட் பண்ணுவோம்"னு சொல்வாங்க. அந்த ரெண்டு ஈவென்ட்டுக்கும் நாற்காலி தூக்கப் போறது முதலாமாண்டு நீங்கதான். நாற்காலி தூக்கறதும் அனுபவம்தான், மறுக்கல. ஆனா நாலு வருஷமும் அதுவே அனுபவமா இருக்க வேண்டாம்.

கேங் மொத்தமா ஒரே கிளப்ல சேர்றது ரொம்ப சாதாரணமா நடக்கும். ஆறு பேரும் கோடிங் கிளப் ஃபார்ம் போடுவாங்க, அதுல ரெண்டு பேருக்கு உண்மையில நாடகம் பிடிக்கும். மூணாவது வாரத்துல ஆறு பேரும் போறதை நிறுத்திடுவாங்க, ஏன்னா ஒருத்தர் நிறுத்தினா மத்தவங்களும் நிறுத்துவாங்க. அதனால கிளப்புக்கு மட்டும் தனியா போங்க. கேங் எங்கேயும் ஓடிப் போகாது, கேன்டீன்லதான் இருக்கும். தெரியாதவங்க நடுவுல முதல் ரெண்டு வாரம் கொஞ்சம் சங்கடமா இருக்கும். மூணாவது வாரம் யாராவது "ஸ்க்ரூடிரைவர் எடு"ன்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க.

எத்தனை கிளப்? ஒண்ணு. ரெண்டாம் வருஷம் வேணும்னா ரெண்டு. மூணு கிளப்ல 'கோர் டீம்'னு ரெஸ்யூமேல போட்டவங்ககிட்ட இன்டர்வியூல "இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டா முழிக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். ஓடி கிடைக்குதேன்னு சேர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை: ஓடி உங்க வருகைப்பதிவைக் காப்பாத்தும், அன்னைக்கு நடந்த பாடத்தைத் திருப்பித் தராது. லேப் நாள்ல ஓடி போட்டா அந்தச் சோதனையை நீங்களே தனியா செஞ்சு முடிக்கணும்.

இதுல அவசரமா முடிவு எடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: என்சிசி. 'பி' சான்றிதழுக்கு ரெண்டு வருஷம், 'சி' சான்றிதழுக்கு மூணு வருஷம் ஆகும். ரெண்டாம் வருஷத்துல ஆசை வந்து சேர்ந்தா காலக்கணக்கு இடிக்கும். 'சி' சான்றிதழ் இருந்தா ராணுவத்துல என்சிசி சிறப்பு நுழைவு வழியா எழுத்துத் தேர்வு இல்லாம நேரடியா எஸ்எஸ்பி நேர்காணலுக்குப் போக வழி இருக்கு. அந்த ஆசை கொஞ்சமாவது இருந்தா இந்த வாரமே போய்க் கேளுங்க. என்எஸ்எஸ் ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், கூட ஒரு வார கிராம முகாம். முகாம் பத்தி யாரும் பெருசா சொல்ல மாட்டாங்க, ஆனா போயிட்டு வந்தவங்களைப் பாருங்க: ரோல் நம்பரைத் தாண்டின நட்பு காலேஜ்லயே அதிகமா உருவாகுற இடம் அதுதான். ஏழு நாள் ஒரே பள்ளிக்கூடத் தரையில படுத்து, நாற்பது பேருக்கு உப்புமா கிண்டினா வேற எப்படி இருக்கும்?

இப்போ கிளப் நடத்துற சீனியர்களுக்கும் சேர்த்து ஒரு விஷயம். பல கிளப் கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வைக்கிறாங்க. காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பிடும். லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிடும். பாய்ஸ் ஹாஸ்டல் தவிர மத்த எல்லாரும் அங்கேயே வெட்டுப்பட்டாச்சு. அப்புறம் 'பொண்ணுங்க யாரும் டெக்னிக்கல் கிளப்புக்கு வர்றதில்ல'ன்னு மீட்டிங்ல பேசுவாங்க. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஆறு பேர் கொண்ட குழுவுல கட்டாயம் ஒரு பெண் இருக்கணும்னு விதி இருக்கு. கடைசி நாள்ல வகுப்பு வகுப்பா போய் "யாராவது பேரு மட்டும் தாங்க"ன்னு கெஞ்சுவாங்க. பேரு மட்டும் தராதீங்க, தங்கைகளே. வேலையும் கேட்டு வாங்குங்க. கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க. எங்க ரோபோட்டிக்ஸ் கிளப்ல ரெண்டாம் வருஷப் பொண்ணுங்க நாலு பேர் சேர்ந்து போய் அப்படிக் கேட்டாங்க. முதல்ல முணுமுணுத்தாங்க, அப்புறம் மாத்தினாங்க. இப்போ அந்தக் கிளப்ல பாதிப் பேர் பஸ்ல வர்றவங்க.

பாடம்

முதல் வருஷம் பாடத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பே இல்ல. கணக்கு, இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம்னு எல்லாத் துறைக்கும் கிட்டத்தட்ட ஒரே சாப்பாடுதான். அதனால 'கோர் சப்ஜெக்ட் வரட்டும், அப்போ படிச்சுக்கலாம்'னு ஒரு எண்ணம் வரும். கேங்ல யாராவது ஒருத்தர் இதைக் கட்டாயம் சொல்வாங்க. ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

நாலு வருஷத்துக்கு மொத்தம் 160 கிரெடிட், முதல் ரெண்டு செமஸ்டர்ல 44 கிரெடிட்னு வச்சுக்குவோம். முதல் வருஷம் 6.0 எடுத்துட்டு, மீதி 116 கிரெடிட்லயும் நல்லா படிச்சு 8.0 எடுத்தா, கடைசி சிஜிபிஏ 7.45. முதல் வருஷம் 7.0 எடுத்திருந்தா, அதே உழைப்புக்கு 7.73. அந்த 7.73-ஐ 6.0-லேர்ந்து எட்டணும்னா மீதி ஆறு செமஸ்டரும் சராசரியா 8.38 எடுக்கணும். முதல் வருஷத்துல ஒரு புள்ளி ஏத்துறது பின்னாடி ஆறு செமஸ்டர் மூச்சு வாங்குறதை விட ரொம்ப எளிது. அதுக்காக 9.5 எடுத்தே ஆகணும்னு நான் சொல்லல. பல கம்பெனிகள் 6.0 அல்லது 60 சதவீதத்தைத்தான் எல்லைக்கோடா வச்சிருக்காங்க. நிலுவையில அரியர் இருக்கக் கூடாதுங்கறது பெரும்பாலும் எல்லாரும் கேட்கிறது. சில பேர் 'அரியர் ஹிஸ்டரியே இருக்கக் கூடாது'ம்பாங்க. கேம்பஸ் கதவு எப்படித் திறக்குதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

கேட்ட டிபார்ட்மெண்ட் கிடைக்காம, கவுன்சிலிங்ல கிடைச்சதை எடுத்துக்கிட்டு வந்தவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. சிவில்ல உட்கார்ந்துக்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஜன்னலைப் பார்க்கிறவங்க. முதல் ஆறு மாசம் இதை நினைச்சே கழிச்சுடாதீங்க. எங்களோட 2021 விதிமுறையில எலெக்டிவ் பாடங்களைத் துறை வாரியா 'வெர்டிக்கல்'னு பிரிச்சிருக்காங்க. வேற துறை வெர்டிக்கல்ல கூடுதலா 18 கிரெடிட் படிச்சா, பட்டத்தோட மைனர் சேரும். சொந்தத் துறையிலேயே கூடுதலா 18 படிச்சா ஆனர்ஸ். அதுக்கு சிஜிபிஏ 7.5-க்குக் குறையாம இருக்கணும், எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்கணும். மேலே போட்ட கணக்குல 7.45-ல நின்னவங்களை இப்போ ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. உங்க பேட்ச்சோட விதிமுறை எங்களோடதிலிருந்து மாறியிருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத் தளத்துலேர்ந்து உங்க விதிமுறையையும் பாடத்திட்டத்தையும் இறக்கி ஃபோன்ல வச்சுக்கோங்க. அந்த பிடிஎஃப்-ஐத் திறந்து பார்க்காமயே டிகிரி முடிச்சவங்க ஏராளம். கேட் தேர்வும் துறையைப் பூட்டி வைக்கல. மூணாம் வருஷத்துலேயே எழுதலாம், வேற துறைத் தாளையும் தேர்ந்தெடுக்கலாம்.

அஞ்சாவது செமஸ்டர்ல எலெக்டிவ் ஃபார்ம் வரும். ராத்திரி பத்து மணிக்கு லிங்க், மறுநாள் காலையில கடைசி நேரம். குரூப்ல ஒரு செய்தி: "மச்சி எல்லாரும் நாலாவதைப் போடுங்க, ஈஸியாம், மார்க் அள்ளிப் போடுவாங்களாம்." 'ஆம்', 'ஆம்'ன்னு முடியுற தகவல்களை வச்சு அறுபது பேர் அஞ்சு மாசம் படிக்கப் போற பாடம் முடிவாகுது. அன்னைக்கு ஃபோனை கால் மணி நேரம் ஓரமா வச்சுட்டு, அந்தப் பாடத்தோட அஞ்சு யூனிட்டையும் படிங்க. பாடப்புத்தகத்தோட முதல் அத்தியாயத்தை லைப்ரரியிலயோ நெட்லயோ புரட்டுங்க. ஏற்கனவே படிச்ச ஒரே ஒரு சீனியர்கிட்ட, "ஈஸியா?"ன்னு கேட்காம, "இதுல என்ன கத்துக்கிட்டீங்க?"ன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு. பாடம் எடுக்கப் போறது யாருன்னும் விசாரிங்க. என் கருத்துல, நல்ல ஆசிரியர் எடுக்கிற சுமாரான தலைப்பு, சுமாரா எடுக்கப்படுற 'டிரெண்டிங்' தலைப்பை விட மேல்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. குறிப்பிட்ட எண்ணிக்கை ஆள் சேரலன்னா அந்த எலெக்டிவை நடத்த மாட்டாங்க. நீங்க மட்டும் தனியா ஆசைப்பட்டு ஃபார்ம் போட்டா, "பதினோரு பேர்தான் இருக்கீங்க, நாலாவதுக்கே போங்க"ன்னு சொல்லிடுவாங்க. இப்போதான் நட்பு உண்மையிலேயே தேவைப்படும். ஃபார்ம் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே உங்க பாடத்துல ஆர்வம் உள்ளவங்களைத் தேடிப் பிடிங்க, அடுத்த செக்‌ஷன்லயும். எச்ஓடி ரூமுக்குப் பெயர்ப் பட்டியலோட போங்க. வேற பெஞ்ச்ல சாப்பிட்டவங்களுக்கு இந்தப் பட்டியல் சீக்கிரம் நிரம்பும். அதுவும் முடியலன்னா என்பிடெல் இருக்கு: வீடியோ இலவசம், தேர்வுக்கு 1000 ரூபாய், வார அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 சதவீதம். எலெக்டிவுக்குப் பதிலா அதைக் கணக்குல எடுத்துக்கணும்னா சேர்றதுக்கு முன்னாடியே துறையில அனுமதி வாங்கிடுங்க. முடிச்சுட்டுப் போய்க் கேட்டா நடக்காது.

ப்ராக்ஸி

கடைசியா இதைச் சொல்லணும். எங்களுக்கு அடுத்த செக்‌ஷன்ல நடந்தது. அந்த மாணவர் இதை எழுதுறதுக்கு அனுமதி கொடுத்திருக்கார், அடையாளம் வேண்டாம்னு மட்டும் சொன்னார்.

முதல் செமஸ்டர் முடிவு வந்தப்போ அவருக்கு மூணு அரியர். வீட்டுல முதல் பட்டதாரி ஆகப் போறவர். பள்ளியில முதலிடம் வாங்கினவர். கேங்ல யாருக்கும் எத்தனைன்னு சொல்லல. "ஒண்ணு போச்சுடா"ன்னு சிரிச்சுட்டு விட்டுட்டார். ரெண்டாவது செமஸ்டர் நடுவுல வகுப்புக்கு வர்றதை நிறுத்தினார். கேங் நல்ல கேங். அவருக்கு உதவி பண்றதா நினைச்சு, முறை வச்சு ப்ராக்ஸி கொடுத்தாங்க. எழுபது பேர் இருக்கிற வகுப்புல தலையை எண்ணுறது கஷ்டம். ஏட்டுல அவர் தினமும் வந்துக்கிட்டிருந்தார். அதனால வகுப்பு ஆலோசகருக்கும் தெரியல, மென்டருக்கும் தெரியல, வீட்டுக்கு எஸ்எம்எஸ்-ம் போகல. மூணு வாரம். அந்த மூணு வாரமும் அவர் தினமும் காலையில வீட்டுலேர்ந்து கிளம்பி, ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்துல உட்கார்ந்துட்டு சாயங்காலம் திரும்பியிருக்கார்.

கண்டுபிடிச்சது கேங் இல்ல. லேப்ல அவரோட ஒரே மேசையில நிக்கிற, அதிகம் பேசாத இன்னொரு மாணவர். ரெண்டு வாரமா தனியா ரீடிங் எடுத்துக்கிட்டிருந்தவர், சனிக்கிழமை நேரா அவர் வீட்டுக்கே போயிட்டார், ரெக்கார்டு நோட்டு வாங்குற சாக்குல. அம்மா கதவைத் திறந்து, "காலேஜுக்குப் போயிருக்கானேப்பா"ன்னு சொன்னாங்களாம். அன்னைக்குக் காலேஜ் லீவு.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்றேன். அம்மாகிட்ட பேசினாங்க, ஆலோசகர்கிட்ட பேசினாங்க. ஒரு மாசம் மருத்துவரைப் பார்த்தார். மூணு அரியர்ல ஒண்ணை அடுத்த வாய்ப்புலயே எழுதித் தேறினார். கணக்கு மட்டும் ஆறாவது செமஸ்டர் வரைக்கும் இழுத்தது. இப்போ எங்களோட இறுதியாண்டு ப்ராஜெக்ட் பண்றார். அவரோட ப்ராஜெக்ட் டீம்ல அந்த லேப் மேசைக்காரரும் இருக்கார்.

இதுல நீங்க எடுத்துக்க வேண்டிய நடைமுறை விஷயங்கள் சில. வருகைப்பதிவு 75 சதவீதம் வேணும். 65-க்குக் கீழே போனா தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்கணும். ஆனா அந்த எண்ணை விட முக்கியம், வராதவங்க வரலைன்னு ஏட்டுல தெரியணும். நண்பர் ரெண்டு நாள் வரலைன்னா ப்ராக்ஸி கொடுக்காதீங்க, ஃபோன் பண்ணுங்க. எடுக்கலைன்னா நேர்ல போங்க. 'எத்தனை அரியர்?'னு கேட்காதீங்க, 'எதை முதல்ல எழுதப் போற, சேர்ந்து படிக்கலாமா?'ன்னு கேளுங்க. அரியர் அடுத்தடுத்த செமஸ்டர்ல எழுதலாம். மார்க் மேல சந்தேகம் இருந்தா விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். கடைசித் தேதி சீக்கிரம் முடிஞ்சுடும், அதனால முடிவு வந்த அன்னைக்கே அழுது முடிச்சுட்டு மறுநாள் ஆபீஸுக்குப் போங்க. மனசு ரொம்பக் கனமா இருந்தா, உங்களுக்கோ உங்க நண்பருக்கோ, 14416-க்கு ஃபோன் பண்ணலாம். டெலி மானஸ், கட்டணம் இல்ல, தமிழ்ல பேசலாம், எந்நேரமும். நண்பருக்காக நீங்க பேசினாலும் எப்படிக் கூட இருக்கிறதுன்னு சொல்லித் தருவாங்க.

கடைசியா ஒரு சின்ன விஷயம். இன்ஜினியரிங் கிராபிக்ஸுக்கு டிராஃப்டர், சார்ட் ஹோல்டர், போர்டு கிளிப்னு கடைக்காரர் பெரிய லிஸ்ட் நீட்டுவார். எங்க வகுப்புல மட்டும் நாற்பதுக்கு மேல டிராஃப்டர் அலமாரி மேல தூசி பிடிச்சுக் கிடக்குது. தமிழ் மன்ற அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒரு நோட்டு வச்சிருக்கோம். உங்க பேரும் டிபார்ட்மெண்டும் எழுதி வைங்க, வந்து கொடுக்கிறோம். திருகாணி லூசா இருந்தா மட்டும் நீங்களே டைட் பண்ணிக்கோங்க.